பூசாரி வாசலில் நின்ற வெள்ளிக்கிழமை

1. மழை விடவில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான மேல் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருப்பதாகச் சொல்லி, அங்கிருந்த குடும்பங்களை எல்லாம் கீழே தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கினார்கள். லயத்து அறைகளைப் பூட்டிவிட்டு வந்தார்கள்.

2. வெள்ளிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும், பாக்கியம் என்ற பெண் தன் மாட்டுக்குப் புல் போட மேலே போனார்.

3. சற்றுப் பிறகு, பதுளையிலிருந்து வரும் துணி வியாபாரி நசீர் தோளில் மூட்டையோடு மேலே போனதையும் இறங்கி வந்ததையும் கண்டார்கள்.

4. அன்று மாலை தோட்டத்து மாரியம்மன் கோவிலில் பூசை சரியாக நடக்கவில்லை.

5. பாக்கியம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. ஹல்துமுல்லையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருப்பார் என்று எண்ணி எல்லோரும் படுத்துவிட்டார்கள்.

6. சனிக்கிழமை காலை, மாடு கத்தும் சத்தம் பள்ளிக்கூடம்வரை கேட்டது. பார்க்கப் போன இருவர், பாக்கியம் தன் அறையில் இறந்து கிடப்பதைக் கண்டார்கள். கழுத்துச் சங்கிலியும் காதுத் தோடுகளும் இல்லை.

7. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோடுகளில் ஒன்று நசீர் வீட்டில் கிடைத்தது. அவரைக் கைது செய்தார்கள்.

இந்த ஏழில் எதுவும் பொய்யில்லை. ஏழையும் இதே வரிசையில் வாசித்தால் நசீர் கொலைகாரர். அவர் இல்லை என்று காட்ட எங்களுக்குக் கிடைத்த வழி நான்காவது வரி. முதலில் எங்கள் பட்டியலில் அது இருக்கவில்லை. கோவில் சமாச்சாரத்தைப் பொலிஸாரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் நான் களப்பணியை விட்டு ஆய்வுகூடத்துக்குப் போகிறேன். இனிக் குற்றம் நடந்த இடங்களுக்குக் கமராவைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறவர்கள் நீங்கள். ரேகை எடுப்பது, அளவுகோல் வைத்துப் படம் பிடிப்பது, பொதிக்கு முத்திரை வைப்பது எல்லாம் பயிற்சியில் படித்திருப்பீர்கள். அதை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. கண்ணால் கண்ட சாட்சி ஒருவர்கூட இல்லாத ஒரு கொலையும் கொள்ளையும் நீதிமன்றத்தில் எப்படி நின்றன என்பதை மட்டும் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கொஸ்லந்தைக்கு மேலே உள்ள தோட்டம் அது. சனிக்கிழமை நாங்கள் ஏறும்போது மழை தூறலாகக் குறைந்திருந்தது. பனிமூட்டம் லயத்தின் கூரைத் தகரம்வரை இறங்கி நின்றது. ஆளில்லாத லயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் ஹாலிஎலப் பக்கத்தில் லயத்தில் பிறந்தவள்தான். லயம் என்றால் எந்நேரமும் யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே வரிசையாகப் பூட்டுகள் மட்டும். கொடியில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை, எடுக்க மறந்துபோய், நனைந்து நீளமாகத் தொங்கியது.

பாக்கியத்தின் அறை வாசலில் நாங்கள் நின்றபோது, பூட்டிய அறைகளுக்குள் சுவர்க் கடிகாரங்கள் அடிக்கத் தொடங்கின. மணிக்கு ஒரு தடவை பாட்டுப் போடுகிற கடிகாரங்கள். ஒன்று முடியும்போது அடுத்த அறையில் ஒன்று தொடங்கியது. அது முடிய இன்னொன்று. லயத்தின் அந்தக் கோடியிலிருந்து யாரோ அறை அறையாக எங்களை நோக்கி நடந்து வருவதுபோல இருந்தது. எங்களுக்குப் பக்கத்து அறைவரை வந்து நின்றது. பாக்கியத்தின் அறையில் கடிகாரம் இருக்கவில்லை.

என்னோடு வந்த கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பாக்கியத்துக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்தபிறகு குவைத்தில் வீட்டு வேலை செய்து, சங்கிலியும் தோடும் ஒரு பசுமாடு வாங்கப் பணமுமாக ஊர் திரும்பியவர். கழுத்தை நெரித்திருந்தார்கள். ஆனால் நெரிபட்டுச் செத்தவர் கிடப்பதுபோல அவர் கிடக்கவில்லை. பாயில் மல்லாந்து கிடந்தார். கால்கள் இரண்டும் சேர்ந்து நேராக இருந்தன. முகத்தைச் சேலை முந்தானை மூடியிருந்தது. சாவு வீட்டில் பெரியவர்கள் செய்வதுபோல.

முதலில் கண்ட இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, நீங்களா மூடினீர்கள் என்று கேட்டேன்.

“இல்லிங்க மிஸ். கிட்டவே போகல. வாசல்ல நின்னு காலப் பாத்தோம். அந்த ரெண்டு காலும் அப்படிச் சேந்து இருந்திச்சு பாருங்க, அப்பவே தெரிஞ்சிரிச்சு. ஓடியாந்துட்டோம்.”

மற்றவரும் அதையே சொன்னார். அவர் கூடுதலாக ஒன்று சொன்னார்: “தூங்கறாங்கன்னு நெனைக்கவே முடியலிங்க. யாரோ படுக்க வச்ச மாதிரி.”

முந்தானையை விலக்கினோம். வலது காதுச் சோணை கிழிந்திருந்தது. தோட்டைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். இடது காதில் காயமே இல்லை. தோடு இருந்த துளையில் விளக்குமாற்றுக் குச்சியில் ஒடித்த ஒரு சிறு துண்டு செருகியிருந்தது. அதைப் படமெடுத்து, தனிப் பொதியில் போட்டு, இலக்கமிட்டேன். அதன் அர்த்தத்தை அங்கே நின்று யோசிக்க எனக்கு நேரமிருக்கவில்லை. நீங்களும் அங்கே நின்று யோசிக்க வேண்டாம். எடுங்கள், பொதியுங்கள், இலக்கமிடுங்கள்.

திங்கட்கிழமை மறுபடி ஏறினோம். நசீர் அப்போது காவலில் இருந்தார். மாட்டையும் கொட்டிலையும் உறவினர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. கறவை மாடு, கறக்க ஆள் வேண்டும். பாக்கியத்தின் கணவருடைய தம்பி மருதமுத்து பொறுப்பேற்க வந்தார். தோட்டத்துக் கோவிலில் பல வருடமாகப் பூசை செய்பவர். எல்லோரும் அவரைப் பூசாரி மாமா என்பார்கள். மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல், சவரம் செய்யாத முகம். ஒப்படைக்கும் முன் கொட்டிலின் நான்கு சுவரையும் படமெடுத்தேன். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி வாசலில் நின்று பார்த்தார். சிங்களவர், என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார்.

“நங்கி, மாட்டையும் சாட்சிக்குக் கூப்பிடப் போறீங்களா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“மாட்டை எடுக்கலை சேர், சுவரைத்தான்” என்றேன்.

“அப்ப சரி. சுவர் பொய் சொல்லாது, மாட்டை நம்ப முடியாது.”

மருதமுத்துவும் அதைக் கேட்டுச் சிரித்தார்.

இனி நசீர். களவுபோன பொருள் கொஞ்ச நேரத்துக்குள் ஒருவரிடம் இருந்தால், அது எப்படி வந்தது என்று அவர் நம்பும்படி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவரே எடுத்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். களவும் கொலையும் ஒரே நிகழ்ச்சி என்றால் அந்த அனுமானம் கொலைவரை போகும். நசீரைத் தோட்டத்தில் கண்டவர்கள் இருந்தார்கள். தோடு அவர் அலுமாரியில், தீப்பெட்டிக்குள் இருந்தது. சாவுச் செய்தி கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. பொலிஸ் வீட்டுக்கு வந்தபிறகுதான் தோட்டைப் பற்றிச் சொன்னார்.

அவர் மனைவி பரீனா, நீதவான் முன் அவரைக் கொண்டுவந்த முதல் தவணையன்று நீதிமன்ற வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். “மிஸ், நீங்க தமிழ்தானே. அவர்ட்ட ஒருக்கா ஆறுதலா கேட்டுப் பாருங்க. அவருக்குப் பயம் வந்தா பேச்சே வராது. கலியாணத்தன்டும் அப்பிடித்தான்.”

விசாரணை அதிகாரியோடு போய்க் கேட்டேன். நசீர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“லயத்துல ஆக்கள் இல்லன்டு எனக்குத் தெரியா மிஸ். தெரிஞ்சா மூட்டையத் தூக்கிட்டு அந்த ஏத்தம் ஏறுவனா? அக்கா கொட்டில்ல இருந்தாங்க. தோட்டுக்குப் பின்னால சுரை கழலுது தம்பி, டவுன்ல நகைப் பத்தரிட்ட குடுத்து ஒட்டிட்டு வாங்கன்டு கழட்டித் தந்தாங்க.”

“ஒரு தோடுதான் தந்தாங்களா?”

“ஒன்டுதான். மத்தது நல்லாத்தானே ஈந்திச்சி.”

“காது வெறுமையா இருந்திச்சா?”

அவர் முதல் தடவை நிமிர்ந்து பார்த்தார். “இல்ல மிஸ். வெளக்குமாத்துல ஒரு குச்சிய ஒடிச்சிக் காதுல குத்திக்கிட்டாங்க. ஓட்டை தூந்துபோகுமாம். நான் சிரிச்சன். ‘சிரிக்காத தம்பி, ஒனக்கு இதெல்லாம் வெளங்காது’ன்டாங்க.”

குச்சியைப் பற்றி நாங்கள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் காதுத் துளை மூடிவிடும் என்று கவலைப்பட்டுக் குச்சி செருகமாட்டான். அந்தத் தோட்டைப் பாக்கியமே கழற்றிக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அன்று மாலையே வழக்கை நடத்தவிருந்த அரச சட்டத்தரணிக்குத் தொலைபேசியில் சொன்னேன். யாழ்ப்பாணத்துப் பெண், என் வயதுதான், எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவர்.

“குடுத்தவ எண்டே வச்சுக்கொள்ளுவம்” என்றார். “ஒண்டைக் குடுத்தாப் பிறகு மற்றதுக்கும் சங்கிலிக்கும் ஆசைப்பட்டுக் கொன்றிருக்கேலாதோ?”

நான் குச்சிப் பொதியின் இலக்கத்தைத் திரும்பவும் சொன்னேன்.

“உங்கட குச்சி அவரை நல்லவராக் காட்டுது. கொலையாளி இல்லையெண்டு காட்டேல்ல. ரெண்டும் வேற.”

எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். சூழ்நிலைச் சான்று என்பது ஒருவர்மேல் நமக்கு ஏற்படும் நல்லெண்ணமோ கெட்ட எண்ணமோ அல்ல. எல்லாத் துண்டுகளையும் சேர்த்து வைத்தால் அவர் செய்தார் என்ற ஒரே முடிவுதான் வரவேண்டும். வேறொரு நியாயமான விளக்கத்துக்கு இடம் இருந்தால் வழக்கு அங்கேயே விழும். நசீருக்கு எதிராகவும் அப்படித்தான், நசீருக்காக நான் கொண்டுபோன குச்சிக்கும் அப்படித்தான்.

அவர் விளக்கமறியல் சிறையில் இருந்தார். ஒவ்வொரு தவணையும் தள்ளிப்போனது. பரீனா ஒவ்வொரு தவணைக்கும் வந்தார். என்னிடம் மறுபடி எதுவும் கேட்கவில்லை. தலையை ஆட்டுவார், போய் உட்காருவார்.

நான்காவது வரி எனக்குக் கிடைத்தது பள்ளிக்கூடச் சமையலறையில். மலைக்குத் திரும்ப இன்னும் அனுமதி கிடைக்காததால் மேல் லயத்துக் குடும்பங்கள் அங்கேயே இருந்தன. முகாமுக்குச் சமைத்துப் போடும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் செல்வி. கரண்டியைக் கீழே வைக்காமல் பேசுகிறவர். பாதைகளை அளந்து படம் வரையப் போயிருந்த எனக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, யாரையோ திட்டுவதுபோலச் சொன்னார்.

“எல்லாம் அந்தப் பூசையால வந்த வென மிஸ். வெள்ளிக்கிழமை பூசைய ராசு பண்ணுனான். த்ரீவீல் ஓட்டுறவன். அவனுக்கு என்னா தெரியும்?”

ராசு மூலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். “நான் மணிய அடிச்சேன், சூடத்த ஏத்துனேன். வேற என்னா பண்ணச் சொல்ற? ரிவர்ஸா எடுக்கச் சொல்ற?”

“பாருங்க மிஸ், இவன் வாய. ஆத்தா கோவிச்சுக்கிட்டா. அதான் அன்னிக்கே ஒரு உசிர எடுத்துக்கிட்டா.”

“பூசாரி மாமா ஏன் பண்ணல?” என்று கேட்டேன்.

“அதான் தெரியல. குளிச்சாரு மிஸ். அந்தக் குளுருல மலையிலருந்து வர்ற பீலித் தண்ணியில நின்னு தலைக்கு ஊத்துனாரு. நாங்களும் பூசைக்குத்தான்னு சாமானெல்லாம் எடுத்து வச்சோம். வந்தவரு வாசப்படியோட நின்னுட்டாரு. உள்ள காலே வைக்கல.”

“சாவியையும் கையில தரல” என்றார் ராசு. “தரையில வச்சிட்டு, நீ எடுத்துக்கடான்னு தள்ளி நின்னாரு. நான் என்னமோ மாமா என்மேல கோவமா இருக்காருன்னு நெனைச்சேன்.”

என் கையில் பிளேன்டீ ஆறிப்போனது.

செல்வியின் வரிசையில் பூசை கெட்டது முன்னால், சாவு பின்னால். கெட்ட பூசையால் சாவு வந்தது. ஆனால் பாக்கியம் பகலில் சாப்பிட்ட சோறு அநேகமாக அப்படியே வயிற்றில் இருந்ததாக மருத்துவ அறிக்கை சொன்னது. பூசைக்கு விளக்கு ஏற்றும் முன்பே அவர் இறந்திருந்தார். வரிசையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சாவு முன்னால், பூசை பின்னால்.

உங்களில் சிலருக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் இறந்தவரின் பங்காளிகளுக்குத் தீட்டு. செய்தி காதில் விழுந்ததும் தலைக்குக் குளிப்பார்கள். தீட்டு கழியும்வரை கோவில்படி மிதிப்பதில்லை, விளக்கேற்றுவதில்லை, திருநீறு பூசுவதில்லை. கோவில் சாமான் எதையும் தம் கையால் இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. எங்கள் பெரியப்பா இறந்த வருடம் என் அப்பா கோவில் தேரை ரோட்டின் மறுபக்கத்தில் நின்றுதான் பார்த்தார். இறந்த அண்ணனின் மனைவி செத்தால் மருதமுத்துவுக்குத் தீட்டு உண்டு.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாலை செத்துப்போனதாக யாருமில்லை. பாக்கியம் புல் போடப் போயிருந்தார், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், செல்வி சமைத்துக்கொண்டிருந்தார். அத்தனை பேருக்கும் நடுவில் ஒரு மனிதர் மட்டும் சாவு வீட்டுக்காரராக, தலையில் நீர் சொட்டச் சொட்ட, கோவில் வாசலில் தள்ளி நின்றிருக்கிறார்.

நிவாரணப் பொதி கொடுக்க வந்த இளைஞர்கள் அன்று மாலை எடுத்த படமொன்றைத் தேடிப் பிடித்தோம். அதில் பின்வரிசையில் அவர் நிற்கிறார். எப்போதும் மூன்று கோடு திருநீறோடு இருக்கும் நெற்றி வெறுமையாக இருந்தது. அந்தப் படத்தைப் பார்க்க எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மற்ற எல்லோரும் கமராவைப் பார்க்கிறார்கள். அவர் மலையைப் பார்க்கிறார்.

அரச சட்டத்தரணி படத்தைப் பார்த்துவிட்டு, “மழையில அழிஞ்சிருக்கும்” என்றார். “இதை நான் காட்டமாட்டன். வாசல்ல நிண்டதையும் சாவியையும் பற்றிச் சொல்லுங்கோ. ஒரு பூசாரி கோயிலுக்குள்ள போகாம நிக்க வேற என்ன காரணம் இருக்கேலும்?”

எழுதினோம். முழங்கால் வலி. கோவில் ஆட்களோடு மனக்கசப்பு. வேறு உறவுக்காரர் சாவு. மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, சாப்பிட்டிருந்தது. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான்.

“நீங்கள் காரணம் ஒண்டையும் எடுத்துக் குடுக்க வேண்டாம்” என்றார். “அவரே சொல்லட்டும்.”

விசாரணை அதிகாரியோடு போனேன். மருதமுத்து கோவிலுக்கு எதிரே, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். பூசையை இப்போதும் ராசுதான் செய்துகொண்டிருந்தார். மணிச் சத்தம் கேட்டது, தாளம் தப்பித் தப்பி. அன்று வெள்ளிக்கிழமை ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டோம்.

அவர் அவசரப்படவில்லை. “பகலுக்குக் கருவாடு போட்டிருந்தாங்க மிஸ். மறந்து தின்னுட்டேன். வாய் சுத்தமில்லாம உள்ள போகக் கூடாதுங்களே.”

“குளிச்சீங்களாம்?”

“குளிச்சும் மனசு ஒப்பலிங்க.”

திரும்பி வந்து செல்வியிடம் அன்றைய பகல் சாப்பாடு என்ன என்று மட்டும் கேட்டேன்.

“சோறு, பருப்பு, கோவாச் சுண்டல்.”

“கருவாடு?”

கரண்டி நின்றது. “வெள்ளிக்கிழமையா? கோயிலுக்குப் பக்கத்துல, நானு, கருவாடு? என்னா மிஸ், எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?” மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு மட்டும் கருவாடு பொரித்துத் தருவதாக ஒருவர் சொன்னார். செல்வி சிரிக்கவில்லை. “யாரு மிஸ் சொன்னா?” என்று கேட்டார். நான் சாப்பாட்டு விவரத்தைக் குறிப்பேட்டில் எழுதினேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி, நெருப்பைத் தள்ளத் தொடங்கினார்.

முழங்கால் வலி என்று மருதமுத்து சொல்லியிருந்தால் இந்த வழக்கு அன்றே முடிந்திருக்கும். அதை யாராலும் பொய்யென்று காட்ட முடியாது. அவர் ஏன் அதைச் சொல்லவில்லை என்று நான் பலநாள் யோசித்தேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: பொலிஸாரிடம் பொய் சொல்ல அவர் தயார், கோவிலை எதிரே வைத்துக்கொண்டு முழுப் பொய் சொல்ல முடியவில்லை. அந்தப் பொய்யிலும் தான் சுத்தமில்லை என்றுதான் சொன்னார்.

ஆனால் எனக்குத் தோன்றுவது சான்றல்ல. ஒரு பொய்யும் ஒரு வாசற்படியும் போதாது. நகை வேண்டும்.

அவர் வீட்டில் தேடினார்கள். கோவிலின் சாமான் அறையில் தேடினார்கள். ராசு எடுக்கும்வரை சாவி அவரிடம்தானே இருந்தது. ஒன்றுமில்லை. பொறுப்பதிகாரிக்குச் சலிப்பு வந்துவிட்டது. “நங்கி, உங்க தீட்டை நான் எந்தப் பொதியில போடுறது?” என்றார்.

நான் என் பட்டியலை மறுபடி எழுதினேன். சாவுத் தீட்டோடு கோவிலுக்குள் போகாதவர், செத்தவளின் நகையைக் கோவிலுக்குள் வைக்கமாட்டார். சாமிப்படம் மாட்டிய தன் வீட்டிலும் வைக்கமாட்டார். ஆனாலும் அவர் தினமும் போய்ப் பார்க்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும். போனால் யாரும் ஏன் என்று கேட்காத இடமாக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு இடம்தான் இருந்தது. நாங்களே கையெழுத்து வாங்கி அவரிடம் ஒப்படைத்த இடம்.

மறுபடி மேல் லயத்துக்கு ஏறினோம். வெயில் இருந்தது, ஆனாலும் அந்தக் கடிகாரங்கள் இன்னும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. இடையில் சில நின்றுபோயிருந்தன. இப்போது நடந்து வருகிறவர் சில அறைகளைத் தாண்டித் தாண்டி வந்தார்.

திங்கட்கிழமை எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டிலின் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கருங்கல் சுவர். படத்தில், புல் தொட்டிக்குப் பின்னால் இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு பொந்து. அதில் புல்லறுக்கும் அரிவாளைச் செருகி வைத்திருந்தார்கள். இப்போது அரிவாள் ஆணியில் தொங்கியது. பொந்து இருந்த இடத்தைச் சாணியும் மண்ணும் குழைத்து மூடியிருந்தது. நன்றாகக் காய்ந்திருந்தது. மாடு திரும்பி எங்களைப் பார்த்துவிட்டுத் தின்னத் தொடங்கியது.

உள்ளே உரப்பைத் துண்டில் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டிய ஒரு பொட்டலம். சங்கிலி. ஒரு தோடு, வலது காதுடையது. டேப்பின் பசைப் பக்கத்தில் பெருவிரல் ரேகை ஒன்று கிடைத்தது. மருதமுத்துவுடையது. அந்தப் பொந்து திறந்திருந்த திங்கட்கிழமை நசீர் காவலில் இருந்தார், அதற்குப் பிறகு ஒரு நாளும் வெளியே வரவில்லை. மூடியது யாராக இருந்தாலும் அது நசீர் இல்லை. வெள்ளியிலிருந்து திங்கள்வரை அந்த நகை எங்கே இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மருதமுத்து தன் மகள் கலியாணத்துக்கு அந்தச் சங்கிலியைக் கேட்டிருக்கிறார். பாக்கியம் மறுத்திருக்கிறார். கேட்டதையும் மறுத்ததையும் லயத்தில் பாதிப் பேர் கேட்டிருந்தார்கள். லயத்தில் சுவர் அவ்வளவுதான் தடிப்பு.

மேல் நீதிமன்றத்தில் எதிரித்தரப்புச் சட்டத்தரணி என்னை நெடுநேரம் விசாரித்தார்.

“நீங்கள் படித்தது தடயவியலா, சமயமா?”

“தடயவியல்.”

“தீட்டை எந்தக் கருவியால் அளந்தீர்கள்?”

“அளக்கவில்லை. கோவில் வாசலில் நடந்ததைக் கண்டவர்கள் சொல்வார்கள். நான் சுவரையும் டேப்பையும் பற்றித்தான் சொல்ல வந்தேன்.”

இந்த இடத்தில் உங்களுக்கு ஆசை வரும். உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். சொல்லாதீர்கள். வழக்கத்துக்கு அர்த்தம் சொல்வது அந்த வழக்கத்தில் வாழ்கிறவர்களின் வேலை. தேடவேண்டிய இடத்தை அது எனக்குக் காட்டியது, அதோடு அதன் வேலை என்னளவில் முடிந்தது. இதே தீட்டை மட்டும் வைத்துக்கொண்டு, உண்மையாகவே முழங்கால் வலித்த ஒரு மனிதரை நாம் கூண்டில் ஏற்றியிருக்கவும் கூடும்.

செல்வியிடமும் அந்தச் சட்டத்தரணி கேட்டார். கொலை செய்யத் தயங்காத ஒருவன் தீட்டுக்குப் பயந்து வாசலில் நின்றான் என்று இந்த நீதிமன்றம் நம்ப வேண்டுமா என்று.

செல்வி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். “எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க ஐயா. அவரு நின்னாரு. நான் பாத்தேன். அன்னிக்கு ஏன் நின்னாருன்னு தெரியல, ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சிச்சு. அதுக்கப்புறம் நான் தனியா அந்தக் கோயிலுக்குப் போறதில்ல.”

மருதமுத்து அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. விசாரணை முடியும்வரை ஒரு நாளும் அவர் திருநீறு பூசிக்கொண்டு வந்து நான் பார்க்கவில்லை.

இன்றைய நிலை இது.

நசீர் விடுதலையாகிவிட்டார். பதுளை டவுனில் சிறிய கடையொன்றில் துணி விற்கிறார். தோட்டங்களுக்கு ஏறுவதில்லை.

மருதமுத்து கொலைக்கும் கொள்ளைக்கும் குற்றவாளியாகக் காணப்பட்டார். மேன்முறையீடு செய்திருக்கிறார். அது இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

மேல் லயத்தில் இனி யாரும் குடியிருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பூசையை ராசு செய்கிறார்.

மேன்முறையீடு முடியும்வரை சான்றுப்பொருள்கள் நீதிமன்றக் காவலில் இருக்கும். தோடுகள் இரண்டும் இரண்டு பொதிகளில் இருக்கின்றன. இடது காதுத் தோட்டின் சுரை இன்னும் கழன்றபடியே இருக்கிறது.